கேள்வி பதில்: அந்தப் படிக்கட்டை வரைந்தது யார்?

கேள்வி: எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சமத்துவம், பன்மைத்தன்மை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, இதையெல்லாம் வைத்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்யச் சொன்னோம். வந்ததெல்லாம் வினாடி வினா. சரியான பதிலைத் தொட்டால் பத்துப் புள்ளி. இதை எப்படி மாற்றுவது? – ஓர் ஆசிரியை

பதில்: வினாடி வினாவில் டீச்சருக்குப் பிடித்த பதில் எது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான். 'எல்லோரும் சமம்' என்ற பொத்தானைத் தொடாத பிள்ளை உண்டா? கேம் சொல்ல வருவதை அதன் விதிகள் சொல்ல வேண்டும். எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-ல் 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார், இன்றைய மோனோப்பொலிக்கு மூலம் அதுதான். அதற்கு அவர் இரண்டு வகை விதிகள் வைத்திருந்தார். ஒன்றில் நிலத்தை வளைத்துப் போட்டவர் வாடகை வாங்கியே மற்றவர்களை ஓட்டாண்டி ஆக்குவார், இன்னொன்றில் செல்வம் எல்லோருக்கும் பெருகும். பலகை ஒன்றேதான், விதி மாறினால் ஆடுபவர்களின் கதியே மாறிவிடும்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சின்ன வேலை சொல்கிறேன். 'பிளாக்' எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கியே கேம் செய்ய உதவும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் இரண்டு பேர் ஆடும் புதிர்ப்பாதை ஒன்று போடச் சொல்லுங்கள். பாதையும் ஒன்று, வேகமும் ஒன்று, ஆனால் நீலப் பொம்மை தொட்டால் கதவு உடனே திறக்கும், மஞ்சள் பொம்மை மட்டும் ஒவ்வொரு கதவிலும் நாலு விநாடி காத்து நிற்க வேண்டும். அதற்கு ஒரு 'வெயிட்' பிளாக் போதும். காரணம் எதையும் திரையில் எழுதக் கூடாது. நீலத்தை ஓட்டியவன் தான் நன்றாக ஆடியதாக நினைப்பான், மஞ்சளை ஓட்டியவள் கீபோர்டு கெட்டுப்போச்சோ என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். இடம் மாற்றி இன்னொரு ஆட்டம் ஆடவிட்டு, அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கேமில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்ணை ஹீரோ காப்பாற்றுகிறான். இது சரியில்லை என்கிறான் என் நண்பன். என்ன தப்பு? – ஒரு மாணவன்

பதில்: உன் நண்பன் சொல்வதுதான் சரி, தம்பி. அந்தப் பெண் உன் கேமில் என்ன செய்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசி. காத்திருக்கிறாள், கடைசியில் நன்றி சொல்கிறாள். அவளையே ஆடுபவர் கையில் கொடுத்துப் பார். முதல் படிக்கட்டு வந்ததும் ஆட்டம் நின்றுபோகும், சரிவுப்பாதை எங்கே என்று தேட வேண்டிவரும். அந்தப் படிக்கட்டை வரைந்தது நீதானே? நிஜக் கட்டடத்தில் அதை வேறொருவர் வரைந்திருப்பார். இதை உணர்ந்துவிட்டால் உன் கேமுக்கு வில்லனே தேவைப்படாது.

இன்னொன்று. 'எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள்' என்பது மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் பழைய முழக்கம். சக்கர நாற்காலியில் வருகிற யாரையாவது தெரியுமானால், அவருக்கு விருப்பமிருந்தால், தாளில் படம் போடும்போதே கூப்பிட்டுக் கேள். கேமை முடித்த பிறகு பாராட்டு வாங்கப் போகாதே.

கேள்வி: எல்லா நிறத் தோலும், எல்லா வகை உடையும் வைத்தாயிற்று. போதாதா? – கல்லூரி மாணவி

பதில்: போதாது. அவர்கள் எல்லோரும் உங்கள் கேமை ஆட முடிகிறதா என்று பாருங்கள். சிவப்புக் கல் ஆபத்து, பச்சைக் கல் பரிசு என்று வைத்தால் நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறைபாடு உள்ள பலருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும், ஒன்றை வட்டமாகவும் ஒன்றை முக்கோணமாகவும் வரைந்துவிடுங்கள். கேமில் வரும் பேச்சைத் திரையில் எழுத்தாகவும் காட்ட வேண்டும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது, சிலருக்கு அது வலிப்பையே வரவழைக்கும். 2018-ல் வந்த 'செலஸ்ட்' மிகக் கடினமான கேம், ஆனால் அதில் ஆட்டத்தின் வேகத்தை நாமே குறைத்துக்கொள்ளலாம். மௌஸைக் கழற்றி வைத்து, ஒலியை அணைத்து, திரையைக் கறுப்பு வெள்ளையாக்கி நீங்களே ஒரு முறை ஆடுங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு கேம் ஆடினால் மனசு மாறிவிடுமா? என் மகள் இதற்காக இரவெல்லாம் கண் விழிக்கிறாள். – ஒரு தாய்

பதில்: ஒரு தடவை ஆடி யாரும் மாறிவிட மாட்டார்கள், அம்மா. ஆனால் உங்கள் மகள் ஆடவில்லை, செய்கிறாள். யாருக்கு எத்தனை உயிர், யாருக்குக் கதவு திறக்கும் என்று ஒவ்வொன்றையும் அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அந்த யோசனை சும்மா போகாது. 2014-ல் வை ஹார்ட், நிக்கி கேஸ் இருவரும் செய்த 'பேரபிள் ஆஃப் தி பாலிகன்ஸ்' என்ற ஆட்டம் பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சதுரங்களும் முக்கோணங்களும் குடியிருக்கின்றன. பக்கத்து வீட்டாரில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போல இருந்தால் போதும் என்பதுதான் ஒவ்வொன்றின் ஆசை, அதில் வெறுப்பு என்று எதுவும் இல்லை. ஆனாலும் நீங்கள் நகர்த்த நகர்த்த ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். அப்புறம் அந்த ஆசையைக் குறைத்தாலும் பிரிந்தது பிரிந்தபடியே கிடக்கும். கொஞ்சமாவது கலந்திருக்க வேண்டும் என்று அவையே கேட்கத் தொடங்கும்போதுதான் மறுபடி சேர்கின்றன. அரைமணி நேரம் ஒதுக்கி மகளோடு உட்கார்ந்து அதை ஆடுங்கள், மௌஸ் உங்கள் கையில் இருக்கட்டும்.