ஒல்லியாக இருந்தும் இடுப்பு மூட்டு தேயுமா?

கேள்வி: எனக்கு வயது 66. உடல் எடை சரியாகத்தான் இருக்கிறது. சில மாதங்களாக நடந்தால் வலது முழங்கால் வலிக்கிறது. முழங்கால் எக்ஸ்ரேயில் சொல்லும்படி ஒன்றுமில்லை. பிறகு இடுப்பைப் படம் எடுத்துவிட்டு, ‘மூட்டு தேய்ந்திருக்கிறது’ என்கிறார்கள். பருமனானவர்களுக்குத்தானே இது வரும்? நடைப்பயிற்சியை விட்டுவிடவா?

பதில்: நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடுப்பு மூட்டுக்குக் கிளை கொடுக்கும் நரம்புகளே முழங்காலுக்கும் போகின்றன. அதனால் கோளாறு மேலே இருக்க, வலி கீழே தெரிவதுண்டு. வழக்கமாகத் தொடை இடுக்கில்தான் வலிக்கும். கால் நகம் வெட்டுவது, சாக்ஸ் மாட்டுவது, காரிலிருந்து இறங்குவது எல்லாம் சிரமமாகும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளிப் பார்ப்போம். தேய்ந்த மூட்டில் முதலில் குறைவது பெரும்பாலும் இந்த அசைவுதான். சிலர் அப்போதே முகத்தைச் சுளித்துவிடுவார்கள்.

முழங்கால் தேய்மானத்தில் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. இடுப்பில் அந்தத் தொடர்பு அவ்வளவு வலுவானதில்லை. வயதும் பரம்பரையும் போக, மூட்டின் அமைப்பையும் அதன் பழைய கதையையும்தான் நான் முதலில் விசாரிப்பேன். சிலருக்குப் பிறவியிலேயே தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் ஆழமில்லாமல் இருக்கும். சிலருக்குப் பந்துக்குக் கீழே எலும்பு புடைத்து, ஒவ்வொரு மடக்கலிலும் கிண்ணத்தின் விளிம்பை இடிக்கும். சிறுவயதில் வந்த பெர்த்தஸ் நோய் (பந்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து அதன் வடிவம் கெடுவது), வளரும் பருவத்தில் பந்து நழுவியது, எப்போதோ நடந்த விபத்தில் எலும்பு உடைந்தது எல்லாம் பல ஆண்டுகள் கழித்துத் தேய்மானமாக வந்து நிற்கலாம். சின்ன வயதில் கொஞ்ச காலம் நொண்டி நடந்தீர்களா என்று மூத்த உறவினர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகள் பாரம் தூக்கி வேலை செய்தவர்களுக்கும், குறிப்பாக விவசாயிகளுக்கும், இது அதிகம்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவரா, மது அருந்துபவரா? மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்த ஓட்டம் குறைந்து பந்தே நொறுங்கும் நிலை ஒன்று உண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

சமதளத்தில் நடங்கள். நடந்த வலி மறுநாளும் நீடித்தால் தூரத்தைக் குறையுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது காலை மேலே தூக்கி இறக்கினால் பிட்டத் தசை வலுப்படும். ஊன்றுகோலை இடது கையில் பிடியுங்கள். வலிக்கிற பக்கம் பிடிப்பவர்கள்தான் அதிகம், அதில் பலன் குறைவு. வலி மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கித் தொடராதீர்கள், சிறுநீரகமும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாம். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் சத்து மாத்திரைக்குச் செலவு செய்ய நான் சொல்வதில்லை.

எக்ஸ்ரே மோசமாக இருப்பதால் மட்டும் மூட்டு மாற்ற வேண்டியதில்லை. இதையெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டு, நடை சுருங்கினால் அப்போது யோசிக்கலாம். மாற்று மூட்டுகளில் பாதிக்கு மேல் 25 ஆண்டுகள் தாங்குகின்றன. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றாலோ, வலியோடு காய்ச்சலும் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.