கதவுக்கு ஆள் தெரியாது

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். எல்லோரும் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போகிறோம். பாதுகாப்புக்கென்று வந்த விதியே அதைக் கெடுக்கிறதே, வகுத்தவர்களுக்கு இது தெரியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்தது, கொஞ்சம் தாமதமாக. பெரிய எழுத்து, எண், குறியீடு, அவ்வப்போது மாற்றம் என்ற விதிகள் பரவியதில், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டுக்காக பில் பர் என்பவர் 2003இல் எழுதிய வழிகாட்டிக்குப் பெரும் பங்குண்டு. மனிதர்கள் உண்மையில் எப்படிப் பாஸ்வேர்டு வைக்கிறார்கள் என்ற தரவு அவருக்குக் கிடைக்கவில்லை, 1980களின் ஆவணம் ஒன்றை நம்பி எழுதினார். 2017இல், ஓய்வுபெற்ற பிறகு, செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவரே சொல்லிவிட்டார். (நானும் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைத்தவன்தான்.)

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது விமானிகள் அறையின் கதவு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அதைக் குண்டு துளைக்காதபடி பலப்படுத்தினார்கள். உள்ளே விமானி மயங்கிவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து, வெளியிலிருந்து திறக்க ஒரு அவசர எண் வைத்தார்கள். அந்த எண்ணைக் கடத்தல்காரன் மிரட்டி வாங்கிவிட்டால் என்று அதற்கும் மேலே யோசித்து, உள்ளே இருப்பவர் அதை மறுக்க ஒரு சுவிட்சும் வைத்தார்கள். ஒவ்வொரு படியும் சரியான யோசனைதான். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் கேப்டன் வெளியே போன நேரத்தில் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். கேப்டன் கடைசிவரை கதவைத் தட்டினார், இடித்தார். 150 பேர் இறந்தார்கள்.

இதை வடிவமைத்தவர்களை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்று முந்தைய விபரீதம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, அவ்வளவுதான். பிறகு அறையில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி போட்டன. அதனால் கதவை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது என்று ஜெர்மன் நிறுவனங்கள் 2017இல் அதையும் கைவிட்டன.

சரி, உங்கள் பிரச்சினை இவ்வளவு பெரிதில்லை. பாஸ்வேர்டு கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், சும்மா நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அதே நிஸ்ட் 2017இல் வழிகாட்டியைத் திருத்திவிட்டது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து உங்கள் ஐடி பிரிவிடம் கொடுங்கள்.