கண்ணாடிப் பட்டறை: பூட்டனாரின் வட்டக் கண்ணாடி

*வாசகர் கேள்விகளுக்குக் கிளிநொச்சிக் கண்ணாடி வேலைக்காரர் ஒருவரின் பதில்கள்*

எங்கள் பூட்டனார் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய படம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. இடம்பெயர்ந்த நேரமெல்லாம் அம்மா பத்திரக் கட்டோடு கொண்டு திரிந்த படம். அதில் வட்டமான கம்பிக் கண்ணாடி போட்டிருக்கிறார். அதேபோல் ஒன்று செய்து நான் போட ஆசை. எனக்கு இரண்டு கண்ணும் கிட்டப்பார்வை, மைனஸ் 6. ஒரு கடையில் கேட்டேன், ஒன்லைனில் காந்திக் கண்ணாடி எடுங்கோ என்று சிரித்தார்கள்.
— ஆசிரியை, முள்ளியவளை

சிரித்தவர் சிரிக்கட்டும், தங்கச்சி. உங்கள் பவருக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது.

முதலில் அளவு. படத்தில் பூட்டனார் நேரே பார்த்துக்கொண்டிருந்தால் வேலை சுகம். ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மற்றக் கண்மணியின் நடுவரைக்கும் அடிமட்டத்தால் அளவுங்கள். வளர்ந்த ஆணுக்கு இது பெரும்பாலும் 60 முதல் 68 மில்லிமீற்றர். 64 என்று வைப்போம். படத்தில் 16 மில்லிமீற்றர் வந்தால் படம் நாலில் ஒன்று. அப்படியென்றால் படத்தில் 10 மில்லிமீற்றர் அகலமான வட்டம் உண்மையில் 40. கருவிழியின் அகலத்தை வைத்தும் சரிபார்க்கலாம், எல்லாருக்கும் கிட்டத்தட்ட 12 மில்லிமீற்றர்தான். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடி கண்ணைப் பெருப்பித்துக் காட்டும், கிட்டப்பார்வைக் கண்ணாடி சிறுப்பித்துக் காட்டும். அதனால் நான் கண்மணிக் கணக்கைத்தான் முதலில் நம்புவேன்.

இப்போது உங்கள் மைனஸ் 6. இந்த லென்ஸ் நடுவில் மெல்லிசு, விளிம்பில் தடிப்பு. சாதாரண பிளாஸ்ரிக் லென்ஸை நடுவில் 2 மில்லிமீற்றராக வெட்டினால், 40 மில்லிமீற்றர் வட்டத்தின் விளிம்பு ஏறத்தாழ நாலரை வரும். இப்போது கடைகளில் தொங்குகிற 52 மில்லிமீற்றர் பிறேமில் 6-ஐத் தாண்டும். அதோடு அந்தப் பெரிய பிறேமில் உங்கள் கண் லென்ஸின் நடுவுக்கு வராமல் மூக்குப் பக்கம் ஒதுங்கும், வெளி விளிம்பு ஏழரை வரைக்கும் போகலாம். 40 வட்டமும், இரண்டு வட்டத்துக்கும் நடுவே 22 மூக்கிடைவெளியும் சேர்ந்தால் 62. உங்களுடைய கண்மணி இடைவெளியும் அதை ஒட்டி இருந்தால் கண் நடுவிலேயே நிற்கும்.

அடுத்தது மூக்கு. ஆசைப்பட்டு எடுத்தவர்கள் பெரும்பாலும் கழற்றி வைப்பது இதனால்தான். அந்தக் காலத்துக் கம்பிக் கண்ணாடியில் இப்போதுள்ள சிலிக்கன் மூக்குத் துண்டுகள் இல்லை. இரண்டு வட்டத்தையும் இணைக்கும் வளைவே நேரே மூக்குத்தண்டில் உட்காரும், பாரம் முழுக்க அதில்தான். பூட்டனாரின் வளைவு பூட்டனாரின் மூக்குக்கு வளைத்தது. அதை அப்படியே எடுத்தால் உங்களுக்கு ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் இமை லென்ஸில் உரசும். முன்பக்கத் தோற்றத்தைப் படத்திலிருந்து எடுங்கள், வளைவின் உயரத்தையும் ஆழத்தையும் உங்கள் மூக்கிலிருந்து எடுங்கள். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய தனிக்கம்பி வயர் ஒரு சாண் போதும். பிளாஸ்ரிக்கை உரித்துச் செம்பை நெருப்பில் சிவக்கக் காட்டித் தண்ணீரில் போடுங்கள், வாழைநார் மாதிரி இளகிவிடும். கண்ணாடி நிற்கவேண்டிய இடத்தில் மூக்கின் குறுக்கே வைத்து, தோல் அமுங்காமல் தடவி வளையுங்கள். அசையாமல் எடுத்துக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் கீறுங்கள். அந்தக் கோட்டோடு வருகிறவருக்கு நான் ஒரே இருப்பில் வளைவு செய்து கொடுப்பேன். லென்ஸின் பின்பக்கம் கண்ணிலிருந்து 12 முதல் 14 மில்லிமீற்றர் தள்ளி நிற்கவேண்டும். மைனஸ் 6-க்கு இந்தத் தூரம் மாறினால் பார்வையும் மாறும்.

உலோகம்? அப்போது உருக்கு, மேலே பொன் தகடு உருட்டி ஒட்டிய உலோகம், ஜேர்மன் சில்வர் எல்லாம் ஓடின. ஜேர்மன் சில்வரில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பு, நிக்கல், நாகம்தான். நான் இன்றைக்கும் அதையே எடுப்பேன். அப்பாவிடம் நகைவேலை பழகிய கை இது, வெண்காரமும் வெள்ளிப் பற்றாசும் இருந்தால் பட்டறையிலேயே ஒட்டும். பிறகு பொன்முலாம். நிக்கலுக்குத் தோல் கடிக்கிறவர்கள் மட்டும் ரைற்றேனியத்துக்குப் போங்கள். அது பாதிப் பாரம்தான், ஆனால் திறந்த காற்றில் சூடேற்றினால் காற்றை உறிஞ்சி நொறுங்கும், ஆர்கன் வாயு வேண்டும். என் பட்டறையில் நடக்காது.

லென்ஸுக்கு உடையும் கண்ணாடி வேண்டாம். பிளாஸ்ரிக் அதன் பாதிப் பாரம்தான், விழுந்தாலும் சில்லாகாது. வெட்டக் கொடுக்கும்போது முன்பக்க வளைவைத் தட்டையாகக் கேளுங்கள், பழைய வட்டம் தட்டையானது.

காதைச் சுற்றும் சுருள் கம்பி பற்றியும் ஒரு சொல். நடுவில் ஒரு கம்பி, அதன்மேல் மயிர்க்கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். குனிந்தாலும் ஓடினாலும் விழாது. ஆனால் நீங்கள் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்றால், ஹெல்மெற் கழற்றும் ஒவ்வொரு முறையும் என்னைத் திட்டுவீர்கள். நேர்க்கம்பி வைத்து நுனியை மட்டும் வளைக்கலாம். பூட்டனார் கோபிக்கமாட்டார்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் இப்படியொரு பிறேம் அடித்தால் என்ன?
— பொறியியல் மாணவர், அறிவியல்நகர்

அடிக்கலாம் தம்பி. ஆனால் மாணவர்கள் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். வைகாசி வெயிலில் ஏ-9 வீதி ஓரம் நிறுத்திய வாகனத்துக்குள் ஒருநாள் வைத்துப் பாருங்கள். நைலோன் தூளை லேசரால் உருக்கிச் செய்தால் நிற்கும். என் விருப்பம், பிஎல்ஏயில் மாதிரி ஒன்று அடித்து முகத்தில் போட்டுப் பார்ப்பது. வட்டம் 38-ஆ 40-ஆ என்ற சண்டை அங்கேயே முடியும். பேந்து உலோகத்தில் கை வைக்கலாம்.

பெட்டகத்தில் தடித்த மண்ணிறப் பிறேம் ஒன்று கிடக்கிறது, மஞ்சள் திட்டுக்கள் உள்ளது. ஆமையோடு என்கிறார்கள். வளைந்திருப்பதைச் சூடு காட்டி நிமிர்த்தலாமா?
— வாசகர், கொக்கிளாய்

நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து மணந்து பாருங்கள். கற்பூரம் மணத்தால் அது செலுலோயிட். கற்பூரம் சேர்த்துச் செய்யும் பொருள், பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கச் சொல்லும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவிலும் அடைக்கவேண்டாம், அதன் ஆவியே அதைத் தின்றுவிடும்.

இந்தத் தடித்த வட்டத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் ஹரோல்ட் லொயிட் என்ற ஊமைப்பட நடிகருக்குப் பங்குண்டு. 1917-இல் அவர் போடத் தொடங்கிய பிறேமில் லென்ஸே இல்லை. இதே திட்டு நிறத்தில் இன்று செலுலோஸ் அசெற்றேற் தகடு வருகிறது. பஞ்சிலும் மரக்கூழிலும் இருந்து எடுப்பது, லேசில் தீப்பிடிக்காது, சுடுகாற்றில் வளையும். உங்களுடையதை வைத்துக் கோடு கீறி அதில் வெட்டுவோம்.

உண்மையான ஓடு அழுங்காமையினுடையது. அந்த ஆமைக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, உலக வணிகத்திலும் தடை. கரையில் ஒதுங்கியது என்று யாரும் கொண்டுவந்தாலும் நான் தொடமாட்டேன். கொம்பு நிறம்தான் வேண்டுமென்றால் எருமைக்கொம்பு இருக்கிறது.

கம்பிக் கண்ணாடியோடு வயலில் நின்று வந்தால் மூக்கில் பச்சைக் கறை. ஏன்?
— விவசாயி, கனகராயன்குளம்

முலாம் போய்விட்டது. வேர்வை உப்பு செம்பைத் தின்கிறது. பின்னேரம் சவர்க்காரத் தண்ணீரில் பழைய பற்தூரிகையால் தேய்த்துத் துடையுங்கள், தூசியோடு வறட்டுச் சீலையால் துடைக்கவேண்டாம். பிறகு முலாம் பூசக் கொண்டுவாருங்கள்.

எனக்குத் தூரமும் வேண்டும், வாசிப்பும் வேண்டும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் இரண்டும் அடங்குமா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், மாங்குளம்

40 வட்டத்தில் அடங்கும் ஐயா. நடுவுக்குக் கீழே 20 மில்லிமீற்றர் இருக்கிறது, படிப்படியாகப் பவர் மாறும் லென்ஸ்களில் பலவற்றுக்கு 14 முதல் 18 போதும். 36-க்குக் கீழே இறங்கினால் நான் பொறுப்பில்லை.