எக்ஸ்டென்ஷன் டியூபில் ‘00’ காட்டுவது பற்றி

கேனான் 700டி கேமரா, 50 மி.மீ. எஸ்.டி.எம். (ஃபோகஸ் மோட்டார் வகை) லென்ஸ், இரண்டுக்கும் நடுவில் விலை குறைந்த எக்ஸ்டென்ஷன் டியூப் (சின்னப் பொருளைப் பெரிதாக எடுக்க மாட்டும் வெற்றுக் குழாய்); திரையில் அப்பர்ச்சர் எண்ணுக்குப் பதில் 00, படத்தில் எறும்பின் கண் மட்டும் தெளிவு என்கிறீர்கள். லென்ஸில் பழுதில்லை. அந்த டியூபில் மின்தொடர்பு ஊசிகள் இல்லாததால் அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துளை) முழு அளவான எஃப்/1.8-லேயே திறந்து நிற்கிறது. பாதி அளவு உருப்பெருக்கத்தில் (சென்சாரில் விழும் உருவம் பொருளில் பாதி) அப்போது தெளிவாக விழும் ஆழம் அரை மி.மீ.கூட இல்லை.

முதலில் லென்ஸை நேரடியாகக் கேமராவில் மாட்டி, தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்து, எம்.எஃப்.-க்கு (கையால் ஃபோகஸ்) மாற்றுங்கள். ஏவி மோடில் (அப்பர்ச்சரை நாமே அமைப்பது) துளையைச் சுருக்க எஃப்/8 வைத்து, லென்ஸ் மாட்டும் மவுண்ட் அருகிலுள்ள டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றுங்கள். அப்பர்ச்சர் இதழ்கள் அப்படியே சுருங்கி நிற்கும். பிறகு டியூபுடன் மாட்டலாம். 00 தொடர்ந்து காட்டும், பொருட்படுத்தாதீர்கள்.

எஸ்.டி.எம்.-மில் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் இயங்கும் (பழைய 50 மி.மீ. இரண்டாம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை). ஆகவே வளையத்தைத் திருகிப் பயனில்லை. கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

டியூபின் மொத்த நீட்சி 25 மி.மீ. என்றால் உருப்பெருக்கம் 25/50, அரை மடங்கு. வெளிச்சம் 2.25 மடங்கு குறையும். ஆகவே எம் மோட் (எல்லாம் நாமே அமைப்பது), ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஃபிளாஷ், ஒளி பரவ அதன்மேல் வெள்ளைத் தாள். எஃப்/16-க்குப் போகாதீர்கள், டியூபுடன் அது எஃப்/24 போல நடந்து கூர்மையைக் கெடுக்கும்.

அடிக்கடி எடுப்பீர்கள் என்றால் ஊசி உள்ள டியூபே வாங்கிவிடுங்கள். அதில் கண்ணாடி கிடையாது, விலை உயர்ந்த பிராண்டு தேவையில்லை.