எடெல்வைஸ் அழுகிப் போனது ஏன்?

கேள்வி (வாசகி, பேர்ன், சுவிஸ்): வசந்தத்தில் எடெல்வைஸ் என்ற வெள்ளைப் பூ மலைச்செடி ஒன்றை வாங்கி, நல்ல பசளை மண் போட்ட பெரிய பூச்சாடிக்கு மாற்றி, பல்கனியில் வைத்துத் தினமும் தண்ணீர் விட்டேன். நெடுநெடுவென வளர்ந்தது, ஆனால் வெள்ளை போய்ப் பச்சையாகி, இப்போது அடியே அழுகிவிட்டது. என்ன பிழை விட்டேன்?

பதில்: பசளையும் தண்ணீரும் கூடிவிட்டன சகோதரி, வேறொன்றும் இல்லை. இது அல்ப்ஸில் ஏறக்குறைய 1,800 முதல் 3,000 மீற்றர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்கில் ஒரு கைப்பிடி மண்ணில் வேர்விடும் செடி. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் நிற்காது. பூவைக் கிட்ட வைத்துப் பாருங்கள், இதழ் மாதிரி விரிந்திருக்கும் வெள்ளை எல்லாம் பஞ்சு மயிர் மூடிய இலைகள்தான், உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் குமிழ்களுக்குள் பொடிப்பொடியாக நெருங்கி இருக்கும். மலை வெயிலிலும் வறண்ட காற்றிலும் செடியைக் காப்பது அந்த மயிர். கொழுத்த மண்ணில் நின்றால் அது ஐதாகி, நீங்கள் கண்ட அந்தப் பச்சை வந்துவிடும்.

சரி, அடுத்த செடிக்குச் சாடி மண் ஒரு பங்கு என்றால் பருமணலும் சிறு சல்லியும் இரண்டு பங்கு கலவுங்கள், கொஞ்சம் சுண்ணாம்புக்கல் துண்டும் சேர்த்தால் இன்னும் நல்லது. பசளை வேண்டாம். இலைகள் ஈர மண்ணில் படாதபடி செடியைச் சுற்றி ஒரு விரல் தடிப்புக்குச் சல்லி பரப்பி, நாள் முழுக்க வெயில் விழும் மூலையில் வையுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து செத்தது போலத்தான் இருக்கும், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், வேரடி உயிரோடு இருக்கும். உறைபனிக்கு அது பயப்படாது, விடாத மழை ஈரத்தைத்தான் தாங்காது, அதனால் சாடியைக் கூரை விளிம்புக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

விதையிலிருந்தும் முயன்று பார்க்கலாம். தூள் போன்ற விதையை ஈர மணலோடு கலந்து மூன்று நான்கு கிழமை குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பங்குனியில் மண்ணின் மேல் தூவி, மெல்ல அழுத்திவிட்டால் போதும், மூடக் கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூ பெரும்பாலும் இரண்டாம் கோடையில்தான் வரும்.

கேள்வி (அதே வாசகி): மலையேறப் போகும்போது பிள்ளைகள் ஒன்றைப் பிடுங்கி வந்து நடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் ஆட்கள் அள்ளிக்கொண்டு போனதால்தான் சுவிஸின் ஒப்வால்டன் மாநிலம் 1878இலேயே இதை வேரோடு பிடுங்கத் தடை போட்டது. பிடுங்கி வந்தாலும் பிழைப்பது அரிது. செடி விற்கும் இடங்களில் வளர்த்த நாற்றே கிடைக்கிறது, அதை வாங்கி நடுங்கள். மலையில் கண்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் குந்தவைத்து அந்தப் பஞ்சை ஒரு விரலால் தொட்டுப் பார்க்க விடுங்கள்.