கேமரா கேள்வி பதில்: கம்பெனி லென்ஸா, வெளி லென்ஸா?

சோனி ஏ7 மார்க் 3 வைத்துக் கல்யாணப் படம் எடுக்கிறேன். சோனியின் 24-70 எஃப் 2.8 ஜி.எம். இரண்டாம் பதிப்பு வாங்க ஆசை. ஆனால் டாம்ரான் 28-75 ஜி2 அதில் பாதி விலைகூட இல்லை. டாம்ரான் வாங்கினால் படத்தில் வித்தியாசம் தெரியுமா?
– வாசகர், ஈரோடு

ஆல்பம் புரட்டுகிறவருக்குத் தெரியாது. எஃப் 2.8-ல், அதாவது லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்து எடுத்து, ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஜி.எம். ஒரு படி மேலேதான் நிற்கும். ஆனால் ஓரம் வரை ஆட்கள் நிற்கும் குரூப் படத்தை யாரும் எஃப் 2.8-ல் எடுப்பதில்லை. துவாரத்தைச் சுருக்கி எஃப் 5.6-க்கு வந்துவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம்.

நீங்கள் யோசிக்க வேண்டியது 24-க்கும் 28-க்கும் இடையே உள்ள 4 மி.மீ. பற்றி. 3 மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ.-ல் 4.5 மீட்டர் அகலம் அடங்கும், 28-ல் 3.85 மீட்டர்தான். இருபக்கமும் ஒவ்வொருவர் வெட்டுப்படும் அளவு அது. மண்டபத்தில் நான்கு அடி பின்னால் போய்க்கொள்ளலாம். பெண் வீட்டு ஹாலில் நலங்கு நடக்கும்போது முதுகில் சுவர் இடிக்கும். பையில் ஏற்கெனவே 16-35 போல ஒரு வைட் லென்ஸ் இருந்தால் தயங்காமல் டாம்ரான் வாங்குங்கள். 540 கிராம்தான், ஜி.எம். 695 கிராம். முகூர்த்தத்திலிருந்து ரிசப்ஷன் வரை கையில் பிடிப்பவருக்கு அந்த 155 கிராம் பெரிய விஷயம். ஃபில்டரும் 82-க்குப் பதில் 67 மி.மீ. என்பதால் செலவு குறையும். வைட் லென்ஸ் இல்லையென்றால் சிக்மா 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். எடையில் ஜி.எம்.முக்கு அருகில் வரும். விலை அதைவிட நன்றாகவே குறைவு.

இன்னொன்று. டாம்ரான், சிக்மா போல, கேமரா கம்பெனி அல்லாதவர்கள் செய்யும் வெளி லென்ஸின் குறை பெரும்பாலும் கண்ணாடியில் இருப்பதில்லை. கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கிறது. வெளி லென்ஸ் போட்டால் சோனி பாடிகள் தொடர் படப்பிடிப்பை நொடிக்கு 15 படத்தோடு நிறுத்திவிடும். உங்கள் பாடியின் உச்ச வேகமே 10 என்பதால் இழப்பு இல்லை. நாளை ஏ1 அல்லது ஏ9 மார்க் 3-க்கு மாறினால் அந்த வேகத்துக்குக் கொடுத்த பணம் வீண். ஃபோகஸ் மாறும்போது காட்சியின் அகலம் மாறாமல் பார்த்துக்கொள்ள ஏ7 மார்க் 4-ல் வீடியோவுக்காக இருக்கும் பிரீதிங் காம்பென்சேஷனும் சோனி லென்ஸ்கள் சிலவற்றுக்கு மட்டுமே வேலை செய்யும். தூரக் காட்சியை இன்னும் பெரிதாக்கும் சோனியின் டெலிகன்வெர்ட்டரை டாம்ரானிலோ சிக்மாவிலோ மாட்ட முடியாது.

கேமராவுக்குப் புது ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) ஏற்றிய மறுநாளே கல்யாணத்துக்குக் கிளம்பாதீர்கள். லென்ஸ் கம்பெனி ஏதாவது அறிவிப்பு போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜி2-வின் உடம்பிலேயே யு.எஸ்.பி. சி துளை இருக்கிறது. கம்ப்யூட்டரில் நேராகச் செருகி லென்ஸின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம். கடையில் இந்திய வாரண்டியுடன் பில் கேட்டு வாங்குங்கள். சீசன் நடுவில் லென்ஸ் படுத்தால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாளாகும் என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேனான் ஆர்50-க்கு சிக்மா 18-50 எஃப் 2.8 வாங்கலாமா? நடந்துகொண்டே வீடியோ எடுப்பேன்.
– வாசகி, திருநெல்வேலி

நடந்துகொண்டே என்றால் வேண்டாம். ஆர்50 பாடிக்குள் நடுக்கம் தணிக்கும் வசதி கிடையாது. அந்த சிக்மாவிலும் கிடையாது. டிஜிட்டல் முறையில் தணித்தால் படத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, 18 மி.மீ.-ன் அகலம் போய்விடும். கேமராவோடு வரும் 18-45 கிட் லென்ஸில் அந்த வசதி இருக்கிறது. பகலில் அதையே பயன்படுத்துங்கள். டிரைபாட் அல்லது கிம்பல் வைத்து எடுப்பதாக இருந்தால் சிக்மா மிக நல்ல தேர்வு: லேசானது, வெளிச்சம் குறைந்த அறையிலும் கைகொடுக்கும்.

உங்கள் கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பான ஆர்எஃப் மவுண்டில் பெயர் தெரியாத ஆட்டோஃபோகஸ் லென்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். 2022-ல் கேனான் ஆட்சேபித்ததால் வில்ட்ராக்ஸ் என்ற லென்ஸ் கம்பெனி தன் ஆர்எஃப் லென்ஸ்களை நிறுத்த நேர்ந்தது. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் உரிமம் பெற்று, உங்களுடையதைப் போன்ற ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராக்களுக்கான லென்ஸ்களை அறிவித்தன. உரிமம் பெற்றதையே வாங்குங்கள்.

நிக்கான் டி5600-ல் சிக்மா 35 எஃப் 1.4 ஆர்ட் போட்டிருக்கிறேன். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது கூர்மையாக வருகிறது. லென்ஸ் பழுதா?
– வாசகர், காரைக்குடி

பழுதாக இருக்க வேண்டியதில்லை. இது பேக் ஃபோகஸ், அதாவது குறி வைத்த இடத்துக்குப் பின்னால் ஃபோகஸ் விழுவது. வியூஃபைண்டர் வழியே எடுக்கும்போது ஃபோகஸை அளப்பது தனி சென்சார். படம் பதிவது வேறு சென்சாரில். இரண்டுக்கும் இடையே சிறு பிசகு இருந்தாலும் இந்த லென்ஸில் தெரிந்துவிடும். 1.5 மீட்டரில் எஃப் 1.4 வைத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 10 செ.மீ.தான்.

முதலில் சோதியுங்கள். டிரைபாடில் கேமராவை வைத்து, 1.5 மீட்டரில் அச்செழுத்து உள்ள அட்டை ஒன்றை லென்ஸுக்கு நேராக நிறுத்துங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து, அதன் நடுப்பகுதி அட்டையின் மட்டத்தில் இருக்குமாறு வையுங்கள். பகல் வெளிச்சம், எஃப் 1.4, நடு ஃபோகஸ் புள்ளி. லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, ஒரு படம். பிறகு வியூஃபைண்டர் வழியே ஆறு படம். ஒவ்வொன்றுக்கும் முன் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிக் கலைத்துவிடுங்கள்.

லைவ் வியூ படம் கூர்மையாக வந்து, மற்ற ஆறும் ஒரே அளவு பின்னால் தள்ளியிருந்தால் சரிசெய்துவிடலாம். ஆறும் முன்னும் பின்னுமாகச் சிதறினால் எந்தத் திருத்தமும் உதவாது. லைவ் வியூவிலேயே மங்கலாக வந்தால் லென்ஸை சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

டி5600 மெனுவில் ஃபோகஸ் திருத்தம் கிடையாது, டி7500-ல் உண்டு. ஆனால் உங்கள் லென்ஸுக்கு சிக்மா யு.எஸ்.பி. டாக் இருக்கிறது. லென்ஸைக் கழற்றி அதில் மாட்டி, சிக்மாவின் மென்பொருளில் நான்கு தூரங்களுக்குத் தனித்தனியாகத் திருத்தம் பதியலாம். உங்களுக்கு ஃபோகஸ் பின்னால் போகிறது, ஆகவே மைனஸ் பக்கம் நகர்த்துங்கள். முதலில் மைனஸ் 5 வைத்து மறுபடி சோதித்து, போதாவிட்டால் மைனஸ் 6, மைனஸ் 7 என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

நிக்கான் டி3500-க்கு டோக்கினா 11-16 எஃப் 2.8 செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். நிக்கானுக்கான முதல் பதிப்பில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. உங்கள் பாடியிலும் இல்லை. கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். இரண்டாம் பதிப்பில் மோட்டார் உண்டு. பெயரோடு 'டிஎக்ஸ் 2' என்று ரோமன் எண்ணில் இருக்கும். இருட்டறையில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்வழியே பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.