"அப்பா" என்றால் அங்கே அம்மா: கிர்கீஸ் உறவுச்சொற்களை எங்கே தொடங்குவது?

கேள்வி: என் மகன் கிர்கிஸ்தானில் ஓஷ் நகரத்தில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இனிமேல் மருத்துவமனை வகுப்புகள் வரும், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று நோயாளிகளைக் கேட்க வேண்டியிருக்கும் என்கிறான். ஆங்கிலப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு உறவுச்சொற்களை மனப்பாடம் செய்கிறான், ஒன்றும் நிற்கவில்லை. சீட் வாங்கித் தந்த ஏஜென்ட், மொழிப் பயிற்சிக்கு 12,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த ஆங்கிலப் பட்டியலைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். உங்கள் மகனின் குழப்பத்துக்கு அதுதான் காரணம். ஆங்கிலத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே சொல், அக்காவும் தங்கையும் ஒரே சொல். கிர்கீஸ் மொழி அப்படி இல்லை. நம்மைப் போலவே மூத்தவரையும் இளையவரையும் பிரித்துத்தான் பேசும். தமிழ்ப் பிள்ளை இதைத் தமிழ் வழியாகப் படித்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். நடுவில் ஆங்கிலத்தை நுழைத்தால் கையில் இருப்பதும் போய்விடும்.

அண்ணன் "அகா", பேச்சில் "பைகெ" என்று மரியாதையாக அழைப்பார்கள். தம்பி "இனி". அக்கா "எஜெ". அப்பா "அத்தா". தேனி, மதுரைப் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டிருந்தால் இது மறக்கவே மறக்காது. மகன் "ஊல்", மகள் "குஸ்". "குஸ்" என்பதில் வரும் "உ"வை உதடு குவிக்காமல், "பாட்டு" என்பதன் கடைசி உகரம் போலச் சொல்ல வேண்டும். நம் குற்றியலுகரம் அங்கே தனி எழுத்தாகவே இருக்கிறது. வடநாட்டு மாணவர்கள் திணறும் இந்த ஒலி நமக்குச் சும்மா வரும்.

அடுத்து அம்மா. இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை வழுக்குகிறார்கள். கிர்கீஸில் "அப்பா" என்றால் அம்மா. நம் காதில் அச்சு அசலாக அப்பா என்றே விழும். கடைசி ஆகாரம் மட்டும் கொஞ்சம் குறுகியிருக்கும். நோயாளி "அப்பாம்" என்று சொன்னால் "என் அம்மா" என்று பொருள். பையன் அதைத் தந்தை வழி நோய் என்று எழுதி வைத்தால், அந்தக் கேஸ் ஷீட்டைப் படிக்கிற அடுத்த மருத்துவர் என்ன செய்வார்? "எனெ" என்ற சொல்லும் அம்மாவுக்கு உண்டு. தாய்மொழியை "எனெ திலி" என்பார்கள்.

இப்போது தங்கை. இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். அண்ணனுடைய தங்கைக்கு ஒரு சொல், அக்காளுடைய தங்கைக்கு வேறு சொல். ஆண் தன் தங்கையை "கருந்தாஷ்" என்பான். பெண் தன் தங்கையைச் "சிங்தி" என்பாள். ஒரே பெண்தான், யாருக்குத் தங்கை என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். தலைநகர் பிஷ்கெக்கில் நான் குடியிருந்த முதல் குளிர்காலத்தில், வீட்டுக்காரம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே என் வீட்டாரைப் பற்றி விசாரித்தார். கையிலிருந்த பட்டியலில் முதலில் இருந்த "சிங்தி"யைச் சொன்னேன். அவர் பிசைவதை நிறுத்தினார். மாவு ஒட்டிய விரலால் என்னைக் காட்டி "கருந்தாஷ்" என்றார், தன்னைக் காட்டிச் "சிங்தி" என்றார். மூன்று முறை என்னைச் சொல்ல வைத்த பிறகுதான் மறுபடி மாவில் கை வைத்தார். எந்தப் பட்டியலும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

வார்டில் இது எப்படி வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் ஆண் என்பதால் எப்போதும் "கருந்தாஷ்" போட்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. தன் தங்கையைப் பற்றிப் பேசும்போதுதான் அது சரி. படுக்கையில் இருப்பவர் பெண்ணாக இருந்தால், அவருடைய தங்கையைப் பற்றிக் கேட்கச் "சிங்தி"தான் வர வேண்டும். கேட்பவர் யார் என்பது கணக்கில்லை, தங்கை யாருடையவள் என்பதுதான் கணக்கு. தம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை. அண்ணன் சொன்னாலும் அக்கா சொன்னாலும் "இனி"தான்.

தாய் வழி உறவு நமக்கு ஒரு பரிசு மாதிரி. அம்மா வீட்டு உறவுகளின் முன்னால் "தாய்" என்ற ஒலி ஒட்டிக்கொள்ளும். தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் நினைவில் வைக்க இதைவிட நல்ல கொக்கி கிடைக்காது. அம்மாவின் அப்பா "தாயத்தா", அம்மாவின் அம்மா "தாயெனெ", தாய்மாமன் "தாயாகெ", அம்மாவின் அக்கா தங்கை "தாயெஜெ". அப்பா வழித் தாத்தா "சோங் அத்தா", பாட்டி "சோங் எனெ". "சோங்" என்றால் பெரிய. ஆனால் நாம் தாய்மாமனையும் மாமனாரையும் ஒரே "மாமா"வில் அடக்குகிறோமே, அது அங்கே செல்லாது. மாமனார் "கைனத்தா", மாமியார் "கைனெனெ". கல்யாணத்தால் வந்த சொந்தங்கள் பலவற்றுக்கு "கைன்" முன்னால் நிற்கும். சம்பந்தி "குதா", சகலை "பாஜா", மருமகள் "கெலின்". இவற்றுக்கு இப்போது அவசரம் இல்லை.

சொல் தெரிந்தால் மட்டும் போதாது, "உங்கள்" சேர்க்கத் தெரிய வேண்டும். பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று யாருடைய தந்தை என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தது இல்லையா? கிர்கீஸில் அது சொல்லின் வாலில் வரும். "அத்தாம்" என் அப்பா, "அத்தாங்" உன் அப்பா, "அத்தாஙுஸ்" உங்கள் அப்பா, "அத்தாசு" அவருடைய அப்பா. நோயாளியிடம் எப்போதும் "ஙுஸ்" சேர்த்த மரியாதை வடிவம்தான். "எஜெ", "இனி" போன்ற சொற்களில் அது "ஙிஸ்" ஆகும். ஆக, "அத்தாஙுஸ்தா காந்த் தியாபெதி பார்பு?" என்றால் "உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா?" முதல் சொல்லை மட்டும் "அப்பாஙுஸ்தா" என்று மாற்றினால் அம்மாவைப் பற்றிய கேள்வி. "காந்த்" சர்க்கரை, கற்கண்டை நினைத்துக்கொள்ளட்டும். இந்த ஒரு வாக்கியத்தில் உறவை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகினால் குடும்ப நோய் விவரம் கேட்பதில் பெரும்பகுதி முடிந்தது.

இனி அந்த 12,000 ரூபாய். ஏஜென்டுகள் "மொழிப் பயிற்சி" என்று விற்பதைப் பலமுறை வாங்கிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது ரஷ்ய மொழி. ரஷ்யன் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று, பிஷ்கெக் கடைத்தெருவில் நன்றாகச் செல்லும், அதைப் படிப்பது தப்பே இல்லை. ஆனால் கிர்கீஸ் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு ரஷ்யனைக் கொடுப்பது மோசடி. ரஷ்யனில் "மாமா" என்றால் அம்மா. அந்தப் பாடத்தின் உறவுப் பக்கத்தில் "மாமா", "பாப்பா" இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். இன்னும் சிலர் துருக்கிப் பாடத்தையே தருகிறார்கள், எல்லாம் ஒரே குடும்ப மொழிதானே என்று. இன்னொரு பொறி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய புத்தகங்கள். ஜார் காலத்து ரஷ்யர்கள் கஸாக் மக்களைத்தான் கிர்கீஸ் என்று எழுதினார்கள். கஸாக் குடியரசுக்கே 1925 வரை கிர்கீஸ் என்றுதான் பெயர். அதற்கு முந்தைய "கிர்கீஸ் அகராதி"யைத் திறந்தால் உள்ளே இருப்பது கஸாக் மொழியாக இருக்கலாம்.

கோபம் ஏஜென்ட் மேல் மட்டும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டில் 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி, எல்லாம் ஆங்கில வழியில். சரி, வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும். கட்டிலில் படுத்திருக்கும் மலைக் கிராமத்துக் கிழவிக்கு ஆங்கிலம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மாதங்களை எண்ணுகிற விதி, பையன் நோயாளியோடு ஒரு வார்த்தை பேசினானா என்று கேட்பதில்லை. கல்லூரிகளில் மொழி வகுப்பு ஒப்புக்கு நடக்கிறது, தேர்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பெற்றோர் கடன் வாங்கி அனுப்புகிற பிள்ளைகள் இவர்கள்.

ஏஜென்டைச் சோதிக்க ஒரே கேள்வி போதும்: "தங்கைக்குக் கிர்கீஸில் என்ன சொல்?" யாருடைய தங்கை என்று அவர் திருப்பிக் கேட்டால் பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரே சொல்லைச் சொல்லி நிறுத்தினால் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மகன் இந்த வாரமே விடுதிச் சமையலறை அம்மாவிடம் போகட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரோடு "எஜெ" சேர்க்க வேண்டும், வயதானவர் என்றால் "அப்பா". மேலே சொன்ன சொற்களை அவர் வாயால் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளட்டும். அவரிடம் "அத்தாஙுஸ்" என்று ஆரம்பித்து அவர் வீட்டாரைப் பற்றி விசாரித்தால், அந்த அம்மாவே மீதியைக் கற்றுக் கொடுத்துவிடுவார்.